தொண்ணூறு என்னும் எல்லை

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே ஓடும் புறநகர் ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் நிற்கும் நிலையத்துக்குத் தாம்பரம் சானடோரியம் என்று பெயர். காசநோய்க்கு மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படாத காலத்தில் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் இல்லம் ஒன்றை நடத்தியவரும், 1917ஆம் ஆண்டில் கணிதமேதை இராமானுஜனுக்கு அங்கே சில காலம் சிகிச்சை அளித்தவருமான டாக்டர் டேவிட் சௌரி முத்து, 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் தொடங்கிய இல்லத்தால் வந்த பெயர் அது. அவர் பெரிதும் நம்பிய மருந்து, மரங்களுக்கிடையே வீசும் தூய காற்று. 1937ஆம் ஆண்டில் அரசின் கைக்கு வந்த அந்த இல்லம் இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக விளங்குகிறது. திறந்தவெளிக் காற்றின் இடத்தைச் சுவர்க்குழாய் வழியே வரும் ஆக்சிஜன் பிடித்துக்கொண்டு நெடுநாளாகிறது. ஆனால் மூச்சு முட்டுகிறவருக்குக் காற்றைக் கூட்டிக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் மட்டும் சௌரி முத்து காலத்திலிருந்து பெரிதாக மாறவில்லை.

பம்மலிலோ பல்லாவரத்திலோ ஒரு வீட்டுப் பெரியவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, "ஆக்சிஜன் வைத்திருக்கிறார்களாம்" என்ற செய்தி உறவினர்களிடையே பரவும்போது, அது ஒரு சிகிச்சையின் பெயராகக் கேட்கப்படுவதில்லை, நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கான அளவுகோலாகவே கேட்கப்படுகிறது. ஆக்சிஜன் வைத்தாயிற்று என்றால் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்ற ஆறுதலும், அதை எடுத்துவிட்டார்கள் என்றால் ஒன்று பிழைத்துவிட்டார் அல்லது கைவிட்டுவிட்டார்கள் என்ற முடிவும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. இந்த எண்ணம் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் அமையும் நோய்களில் முதன்மையானது, திடீரெனத் தீவிரமடையும் இதயச் செயலிழப்பு.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுவிடுவதைக் குறிக்கும் சொல்லன்று. உடலின் தேவைக்கேற்ப இரத்தத்தைத் தள்ளும் ஆற்றல் அதற்குக் குறைந்துவிட்டது என்பதே அதன் பொருள். இதயத்தின் வலப்பக்கம் இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு திரும்பும் இரத்தத்தை இடப்பக்கம் உடலெங்கும் அனுப்புகிறது. மாரடைப்பாலோ, நாள்பட்ட இரத்தக் கொதிப்பாலோ, சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் வால்வுகளைப் பழுதாக்கியதாலோ இடப்பக்கம் தளர்ந்துபோகும்போது, வலப்பக்கம் தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே இருப்பதால், நுரையீரலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. அடையாறு நிரம்பி ஓடும் நாட்களில் முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் கால்வாய் நீர் வடிய வழியில்லாமல் பின்னோக்கி ஏறுவதைக் கண்டவர்களுக்கு இந்த நிகழ்வை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இரத்தத்திலுள்ள புரதங்கள் நீரைத் தம்மிடம் பிடித்துவைத்துக்கொள்ளும் தன்மை உடையவை. அந்தப் பிடிப்பின் வலிமை ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்துக்குச் சமம். நுரையீரலின் நுண்குழாய்களில் இயல்பாக இருக்கும் அழுத்தம் இதில் பாதிக்கும் குறைவு என்பதால் நீர் குழாய்க்குள்ளேயே நிற்கிறது. இந்தச் சமநிலையை எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற ஆங்கில உடலியலாளர் 1896ஆம் ஆண்டிலேயே விளக்கினார். இதயம் தளர்ந்து அழுத்தம் அந்த எல்லையை நெருங்கியதும் நீர் கசியத் தொடங்கி, முதலில் இடைத்திசுவை ஊறவைத்து, பிறகு கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகளுக்குள் இறங்குகிறது. காற்றையும் இரத்தத்தையும் பிரிக்கும் சவ்வு தலைமுடிப் பருமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான தடிப்புடையது. அவ்வளவு மெல்லிய திரையைக் கடந்துபோகப் பழகிய ஆக்சிஜன் இப்போது நீரையும் நுரையையும் கடக்க வேண்டியிருக்கிறது. முற்றிய நிலையில் இளஞ்சிவப்பு நுரையாக இருமலில் வெளிவருவது இந்த நீர்தான்.

மக்கள் இதை "நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது" என்று சொல்வது பொருத்தமான சொல்லே என்றாலும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் தேங்கி ஊசியால் உறிஞ்சி எடுக்கக்கூடிய நீரோடு இதைக் குழப்பிக்கொள்வது வழக்கமாக இருக்கிறது; நுண்ணறைகளுக்குள் இறங்கிய நீரை எந்த ஊசியாலும் எடுக்க முடியாது. நோய்க்குறிகளும் குழப்பம் தருபவை. படுத்தால் கால்களில் தேங்கியிருந்த நீர் மார்புக்குத் திரும்புவதால் மூச்சு முட்டுகிறது. ஒரு தலையணை இரண்டாகி, இரண்டு மூன்றாகி, இறுதியில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் எழுந்து கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்காருவதில் முடிகிறது. மூச்சுக்குழாய்ச் சுவர்கள் வீங்கிச் சீழ்க்கை ஒலி எழும்போது அதை "வீசிங்" என்று எடுத்துக்கொண்டு நெபுலைசர் வைத்து விடியும்வரை காத்திருக்கும் வீடுகள் உண்டு. மாத்திரையை நான்கு நாள் விட்டுவிட்டது, மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கிய வலிநிவாரணி, விருந்து வீட்டு அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் உடலில் சேர்த்த உப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று, அதுவரை அடங்கியிருந்த நோயை ஓரிரவில் கிளப்பிவிடப் போதுமானது.

இந்தியாவில் இந்நோய் மேலைநாடுகளைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. திருவனந்தபுரம் மாவட்ட மருத்துவமனைகளில் 2013ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவுசெய்த ஆய்வில் சராசரி வயது 61, அவர்களில் 8.5 விழுக்காட்டினர் மருத்துவமனையிலேயே இறந்தனர். பின்னர் நாடெங்கும் 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைப் பின்தொடர்ந்த தேசியப் பதிவேட்டில், 90 நாட்களுக்குள் இறந்தோர் ஏறக்குறைய ஏழு பேரில் ஒருவர்.

இத்தகைய நோயாளிக்கு ஆக்சிஜன் எவ்வளவு உதவும் என்பதை அறிய இரத்தத்தின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் சுமை ஏறக்குறைய 20 மில்லிலிட்டர். இதற்கு வெளியே, இரத்த நீரில் நேரடியாகக் கரைந்திருப்பது வெறும் 0.3 மில்லிலிட்டர். நல்ல நுரையீரல் உள்ள ஒருவர் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போதே ஹீமோகுளோபின் 97, 98 விழுக்காடு நிரம்பிவிடுகிறது. அவருக்குத் தூய ஆக்சிஜனைக் கொடுத்தால் ஹீமோகுளோபினில் எஞ்சியிருக்கும் சிறு இடம் நிரம்பும், கரைந்த பங்கு 0.3இலிருந்து ஏறக்குறைய 1.8 ஆகும், ஆக மொத்தம் கூடுவது பத்தில் ஒரு பங்கு மட்டுமே. ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் ஷேர் ஆட்டோவின் இருக்கைகள் நிரம்பிவிட்ட பிறகு நிறுத்தத்தில் எத்தனை பேர் கூடினாலும் ஏறப்போகிறவர்கள் ஓட்டுநரின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒருவரோ இருவரோதான்.

இருக்கைகள் எப்போது காலியாகத் தொடங்குகின்றன என்பதில்தான், ஆக்சிஜன் கொடுப்பதற்கு எல்லையாகக் கொள்ளப்படும் 90 விழுக்காடு நிறைவு என்ற எண்ணின் பொருள் அடங்கியிருக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தத்தையும் ஹீமோகுளோபினின் நிறைவையும் ஒப்பிட்டு, கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் என்பவரும் அவருடைய மாணவர்களும் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட வளைகோடு நேர்கோடாக இல்லை. மேலே மேசைபோலத் தட்டையாகவும் அதற்குக் கீழே மலைச்சரிவுபோலச் செங்குத்தாகவும் இறங்குவது. அழுத்தம் 100இலிருந்து 60 மில்லிமீட்டருக்கு விழுந்தாலும் நிறைவு 98இலிருந்து 90க்குத்தான் இறங்குகிறது. ஆனால் 60க்குக் கீழே மேலும் 15 மில்லிமீட்டர் குறைந்தால் நிறைவு 80க்கு விழுந்துவிடுகிறது. மேசையின் விளிம்பு ஏறக்குறைய 90இல் இருக்கிறது. விளிம்புக்குக் கீழே சரிந்தவருக்கு ஆக்சிஜன் உயிர்காப்பது என்பதில் எந்த ஐயமும் இல்லை. மேசையின் மேல் நிற்பவருக்கு அது கூட்டித் தருவது மிகச் சிறிது.

கூட்டித் தருவது சிறிது என்பதோடு நின்றிருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் ஆக்சிஜன் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்மையும் உடையது. குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளை, மிகுதியான ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் வினைத்துடிப்பு மிக்க மூலக்கூறுகள் செயலிழக்கச் செய்வது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. இதயத்துக்கே இரத்தம் கொண்டுவரும் தமனிகளும் சுருங்குகின்றன, உடலெங்குமுள்ள சிறு தமனிகளும் சுருங்குகின்றன. ஏற்கெனவே தளர்ந்துபோன இடப்பக்கம் இப்போது இன்னும் குறுகிய வாய் வழியே இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது. இதயச் செயலிழப்பு நோயாளிகள் சிலருக்கு ஆக்சிஜனின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி அளந்து 1990களில் வெளியான ஆய்வொன்றில், செறிவு கூடக்கூட இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு குறைந்ததும், நுரையீரல் பக்கத்து அழுத்தம் ஏறியதும் பதிவாயின. நூறு மில்லிலிட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் கூடினாலும், நிமிடத்துக்கு ஓடும் இரத்தம் அதே அளவுக்குக் குறைந்துவிட்டால், மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச்சேரும் ஆக்சிஜனில் நிகர இலாபம் எதுவும் இல்லை.

மருத்துவ உலகம் இந்த ஐயத்தை எவ்வளவு தாமதமாகச் சோதித்தது என்பது வியப்புக்குரியது. நெஞ்சுவலிக்கு ஆக்சிஜன் இதமளித்ததாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 1900ஆம் ஆண்டிலேயே குறிப்பு வந்தது; அதன் பிறகு மாரடைப்பு என்றால் ஆக்சிஜன் என்பது கேள்வியே இல்லாத வழக்கமாகிவிட்டது. 1976ஆம் ஆண்டில் பிரிட்டனில் நடந்த சிறு ஆய்வொன்றில் ஆக்சிஜன் பெற்றவர்களில் 9 பேரும் சாதாரணக் காற்றைச் சுவாசித்தவர்களில் 3 பேரும் இறந்தனர். எண்ணிக்கை சிறியது, தற்செயலாகவும் இருக்கலாம் என்றாலும், அதைப் பெரிய அளவில் சரிபார்க்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 2015ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு, ஆக்சிஜன் குறைவில்லாத மாரடைப்பு நோயாளிகளுக்கு நிமிடத்துக்கு 8 லிட்டர் கொடுத்தபோது இதயத் தசையின் சேதம் கூடியிருக்கலாம் என்று காட்டியது. 2017ஆம் ஆண்டில் ஸ்வீடனில் 6,629 பேரிடம் நடந்த ஆய்வில் ஓராண்டு முடிவில் இறந்தோர் ஆக்சிஜன் பெற்ற பிரிவில் 5.0 விழுக்காடு, பெறாத பிரிவில் 5.1 விழுக்காடு, அதாவது தீங்கும் தெரியவில்லை, பயனும் தெரியவில்லை. மறு ஆண்டு, பலவகைக் கடுமையான நோய்களில் நடந்த 25 ஆய்வுகளை, 16,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்த பிரிவுகளில் இறப்பு சற்றே மிகுந்திருந்தது.

இவற்றில் பெரும்பாலானவை மாரடைப்பையும் பிற நோய்களையும் பற்றியவை. தீவிர இதயச் செயலிழப்பைப் பொறுத்தவரை, ஐரோப்பிய இதயவியல் கழகம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதல், ஆக்சிஜன் நிறைவு 90 விழுக்காட்டுக்குக் கீழோ, தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 60 மில்லிமீட்டருக்குக் கீழோ இருந்தால் கொடுக்க வேண்டும், குறைவில்லாதவருக்கு வழக்கமாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. அப்பரிந்துரைக்கு மிக உயர்ந்த தரநிலை தரப்பட்டிருந்தாலும், அதன் சான்று "சி" வகையாக, அதாவது வல்லுநர்களின் ஒருமித்த கருத்தையும் சிறு ஆய்வுகளையும் சார்ந்ததாகவே குறிக்கப்பட்டுள்ளது. கிறிஸ்டியன் போர் வரைந்த வளைகோடும், பக்கத்து நோயில் கிடைத்த பெரிய ஆய்வுகளும் சேர்ந்து தாங்கும் விதி அது என்று கொள்வதே நேர்மை.

பீடியும் விறகடுப்புப் புகையும் நுரையீரலைக் கெடுத்த நோயாளியின் நிலை இன்னும் நுட்பமானது. நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோய் உடையவருக்கு மிகுதியாக ஆக்சிஜன் கொடுத்தால் அவருடைய இரத்தத்தில் கரியமிலவாயு தேங்கி, அவர் அமைதியாகத் தூங்குவதுபோல் நினைவிழக்கக்கூடும். டாஸ்மேனியாவில் 405 பேரிடம் நடந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஆம்புலன்சிலேயே ஆக்சிஜனை 88 முதல் 92 விழுக்காடு என்ற எல்லைக்குள் நிறுத்திக் கொடுத்தபோது இறப்பு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. ஒரே ஆளுக்கு இதயமும் நுரையீரலும் சேர்ந்து கெட்டிருப்பது இப்பகுதி வார்டுகளில் அரிதன்று.

அப்படியானால் நீரில் மூழ்கிக்கொண்டிருக்கும் நுரையீரலை எது மீட்கிறது? சிரை வழியே செலுத்தப்படும் ஃப்யூரோசிமைடு சிறுநீரகம் வழியாக உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது. இரத்தக் கொதிப்பு மிகுந்தவருக்கு நைட்ரேட் மருந்து குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையை இறக்குகிறது. இவற்றோடு மூன்றாவதாக நிற்பது அழுத்தம். 1936ஆம் ஆண்டில் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் பூல்டன், வீட்டில் தூசு உறிஞ்சப் பயன்படும் இயந்திரத்தைக் காற்றை ஊதும்படி திருப்பி முகமூடியோடு இணைத்து, இதயச் செயலிழப்பால் மூச்சுத் திணறியவர்களுக்குப் பயன்படுத்தினார். இன்று சிபாப் என்று வழங்கப்படும் கருவியின் முன்னோடி அது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தை அது விடாது நிறுத்திவைப்பதால், சுருங்கிப்போகவிருந்த நுண்ணறைகள் திறந்தே இருக்கின்றன; மார்புக்குள் அழுத்தம் கூடுவதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைகிறது, இடப்பக்கம் தள்ளவேண்டிய சுமையும் இறங்குகிறது. பிரிட்டனின் 26 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 1,069 பேரிடம் நடந்து 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இம்முறை ஏழாம் நாள் இறப்பு விகிதத்தைக் குறைக்கவில்லை என்றாலும், வெறும் ஆக்சிஜனைவிட விரைவாக மூச்சுத் திணறலைத் தணித்தது. இறுக்கமான முகமூடியை முதல் சில நிமிடங்கள் நோயாளி பிய்த்தெறியப் பார்ப்பார் என்பதால், அனுபவமுள்ள செவிலியர் பட்டையை மாட்டாமல் கையாலேயே முகமூடியை முகத்தில் பிடித்துக்கொண்டு, மூச்சோடு மூச்சாகப் பேசிப் பழக்கிவிடுவார்.

90 என்ற எண்ணைக் காட்டும் கருவி விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்த நெறியில், செந்நிற ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் விரலை ஊடுருவி வருவதை ஒப்பிட்டு அது கணக்கிடுகிறது. இதயம் தளர்ந்து விரல்கள் சில்லிட்டுப்போனால் அதன் கணக்குத் தடுமாறும். அடர்ந்த நகப்பூச்சும் இடையூறு செய்யும். 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை நல்ல எண்ணைக் காட்டியபோதே இரத்தப் பரிசோதனையில் 88க்குக் கீழ் இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடாகவும் கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடாகவும் இருந்தனர். தோலின் நிறம் ஒளியை விழுங்குவதே காரணமாகக் கருதப்படுகிறது. மாநிறமும் கருநிறமும் இயல்பான நம் ஊரில் 91, 92 என்ற எண்களை, மூச்சின் வேகத்தையும் உதட்டின் நிறத்தையும் பார்க்காமல் அப்படியே நம்பிவிடுவது சரியாகாது. ஆகவேதான் கடுமையான நோயாளிக்கு மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அளவறிந்து கொடுப்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. ஆம்புலன்சுகளிலும் சிறு மருத்துவமனைகளிலும் காணும் பி வகை சிலிண்டர், கருநிற உடலும் வெண்ணிறத் தோள்பட்டையும் கொண்டது, ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்சிஜனைத் தாங்கும். பையோடு கூடிய முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் விட்டால் அது 100 நிமிடங்களில் தீரும். மூக்குக்குழாயில் 2 லிட்டர் போதுமானவருக்குப் பன்னிரண்டரை மணி நேரம் வரும். 2021ஆம் ஆண்டின் கோடையில், ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்தும் மகேந்திரகிரியின் இஸ்ரோ வளாகத்திலிருந்தும் திரவ ஆக்சிஜன் லாரிகள் இரவு பகலாக ஓடியபோதும், செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் 13 பேர் இறந்து அதற்குக் காரணம் ஆக்சிஜன் அழுத்தக் குறைவா என்ற விவாதம் எழுந்தபோதும், இந்தக் கணக்கு எல்லாருடைய வாயிலும் இருந்தது. அப்போது அச்சத்தில் வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டி இன்னும் பல வீடுகளில் துணி போர்த்திக் கிடக்கிறது. நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்தவரைக் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்துவிட்டு 108ஐ அழைப்பதற்குப் பதிலாக, அந்தக் கருவியைத் தூசு தட்டி மாட்டி, எண் 94 என்று வந்ததும் நிம்மதியடைவது ஆபத்தானது. எண் ஏறும், நீர் அப்படியே இருக்கும்.

வார்டில் காலைச் சுற்று முடிந்த நேரம், நோயாளியின் எண் 96 தொட்டதும் செவிலியர் ஓட்டமானியின் திருகைத் திருப்பி 6 லிட்டரை 2 லிட்டராகக் குறைக்கிறார். சுவரில் தொங்கும் ஈரப்பதப் புட்டியில் கொதிப்பதுபோல் பொங்கிக்கொண்டிருந்த குமிழிகள் அடங்கி, ஒவ்வொன்றாக எழத் தொடங்குகின்றன. இரவெல்லாம் அந்தப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்த மகன், "ஏன் சிஸ்டர் குறைக்கறீங்க?" என்று பதறி எழுகிறார். செவிலியர் பதில் சொல்லிக்கொண்டே குனிந்து, கட்டிலுக்கு அடியில் தொங்கும் சிறுநீர்ப் பையைத் தூக்கி அளவுக்கோட்டைப் பார்க்கிறார். முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மில்லிலிட்டர் இறங்க வேண்டும் என்பது கணக்கு. நேற்றிரவு 11 மணிக்குக் காலியாக மாட்டிய பையில் இப்போது 1,400 மில்லிலிட்டர் இருக்கிறது. அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார்.